இயங்குதளத்தை மேம்படுத்தியபின் மெய்நிகர் கணினி தொடங்கவில்லையா? அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்!

செகந்திராபாத்: 2024 ஜூலை 19ஆம் தேதி, ஹைதராபாத் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்பே இதற்குக் காரணம். உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

அன்று நீலத்திரையுடன் முடங்கியவற்றில், கிளவுட் தளங்களில் இயங்கிய மெய்நிகர் கணினிகளும் அடங்கும். அவற்றை மீட்கக் கையாளப்பட்ட வழிகள், இயங்குதள மேம்படுத்தலுக்குப் பிறகு நேரும் தொடக்கக் கோளாறுகளுக்கும் பொருந்தும்.

தரவு எங்கே இருக்கிறது?

விர்ச்சுவல் மெஷின் எனப்படும் மெய்நிகர் கணினி, ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி ஆகும். அதன் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ஒரு கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. எனவே, கணினி தொடங்கவில்லை என்பதாலேயே தரவு அழிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. முதலில் கணினியை நிறுத்திவிட்டு, அந்த வட்டுக் கோப்பை வேறிடத்தில் நகல் எடுக்க வேண்டும். பழுதுநீக்கும் பணியை அதன் பிறகே தொடங்க வேண்டும்.

திரை சொல்லும் செய்தி

கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் திரையில் தோன்றும் செய்தியே காட்டிவிடும்.

* 'நோ பூட்டபிள் டிவைஸ்': தொடங்குவதற்கான வட்டு கிடைக்கவில்லை. விண்டோஸ் 11-க்காக அமைப்பை பயாஸிலிருந்து யுஇஎஃப்ஐ-க்கு மாற்றிவிட்டு, வட்டின் பகிர்வு முறையை மாற்றாமல் விட்டால் இது நேரும். பழைய அமைப்புக்குத் திரும்பினால் பெரும்பாலும் சரியாகும்.

* 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்': விண்டோஸ் தனது வட்டை அணுக இயலவில்லை. சேமிப்பகத்துக்கான டிரைவரையும், வட்டு இணைக்கப்பட்டுள்ள முறையையும் சரிபார்க்க வேண்டும்.

* 'கெர்னல் பேனிக்': லினக்ஸ் கணினிகளில் தோன்றுவது. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அது இயங்கினால், புதிய கெர்னலுக்கான தொடக்கக் கோப்பை மீண்டும் உருவாக்க வேண்டும். பூட் பகிர்வில் இடம் நிரம்பியிருப்பதும் ஒரு பொதுவான காரணம்.

கோளாறு வெளிக்கணினியிலும் இருக்கலாம். லினக்ஸ் கணினியில் கெர்னல் மேம்படுத்தப்பட்டால், விர்ச்சுவல்பாக்ஸின் துணைநிரல்களும் அதற்கேற்ப மீண்டும் உருவாக்கப்பட வேண்டும். அதுவரை உள்ளிருக்கும் எந்த மெய்நிகர் கணினியும் தொடங்காது.

வட்டைக் கழற்றி மாட்டும் வழி

2024இல் பிழையான புதுப்பிப்பு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியாகி, 10.57 மணிக்குத் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் ஏற்கெனவே முடங்கிய கணினிகளால் திருத்தத்தைப் பெற இயலவில்லை. அலுவலகக் கணினிகள் பலவற்றின் அருகே ஊழியர்கள் நேரில் சென்று, பழுதான கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

மெய்நிகர் கணினிகளுக்கோ தொலைவிலிருந்தே தீர்வு காண முடிந்தது. அசூர் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் மூன்று வழிகளைக் கூறியது: பலமுறை மறுதொடக்கம் செய்வது, பழைய காப்பு நகலுக்குத் திரும்புவது, வட்டை நலமாக உள்ள மற்றொரு மெய்நிகர் கணினியில் இணைத்துப் பழுதான கோப்பை நீக்குவது. சில வாடிக்கையாளர்களுக்கு 15 முறை வரை மறுதொடக்கம் தேவைப்பட்டது.

மூன்றாவது வழி, மேம்படுத்தலால் முடங்கிய எந்த மெய்நிகர் கணினிக்கும் கைகொடுக்கும். பழுதை நீக்க இயலாவிட்டாலும், தேவையான கோப்புகளையாவது வெளியே எடுத்துவிடலாம். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்பு விசை அவசியம்.

மேம்படுத்தும் முன்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவடைந்ததால், பல அலுவலகங்கள் மேம்படுத்தலைத் தவிர்க்க இயலாத நிலையில் உள்ளன. அதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

* ஸ்னாப்ஷாட் மட்டும் போதாது. அது பெரும்பாலும் அதே சேமிப்பகத்தில் இருப்பதால், தனியான காப்பு நகல் வேண்டும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், அதற்குப் பின் பதிவான தரவு இழக்கப்படும்.

* மீட்பு விசையை அந்தக் கணினிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.

* முதலில் ஒரு நகலை மேம்படுத்தி, அது சரியாகத் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே பயன்பாட்டில் உள்ள கணினியில் கை வைக்க வேண்டும்.