விலை வைத்த பிறகு பிறந்த ஊசி

கட்கி பட்டாளத்து ஊர். 1817-இல் பேஷ்வாவின் படையும் கம்பெனிப் படையும் மோதிய களம். 1869-இலிருந்து தோட்டாத் தொழிற்சாலை இருக்கும் இடம். பாம்பே சாப்பர்ஸின் தலைமையகம். இந்த மாதிரி ஊர்கள் என்றால் மூளைக்காய்ச்சலுக்குக் கொண்டாட்டம். மெனிஞ்சோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையில் குடியிருந்து, இருமலிலும் எச்சிலிலும் பரவுகிறது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் கட்டிலோடு கட்டில் ஒட்டிப் படுக்கும் பாரக்கைவிட அதற்கு வசதியான இடம் வேறு இல்லை. அதற்கு எதிராக நம்பகமான தடுப்பூசி 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதும் படையில் சேருகிறவர்களுக்காகத்தான். சிப்பாய்க்குச் செலவு செய்ய ஓர் அரசு இருந்தது.

கட்கியிலிருந்து புனே நகரைக் குறுக்கே கடந்து போனால் ஹடப்ஸர். ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சலுக்காக அங்கே பிறந்த மென்ஆஃப்ரிவாக் என்ற ஊசிக்குப் பின்னால் அப்படிப் பணம் போட யாரும் வரிசையில் நிற்கவில்லை.

செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை, சஹாராவுக்குத் தெற்கே 26 நாடுகளின் வழியே ஓடும் பகுதிக்கு மூளைக்காய்ச்சல் பட்டை என்றே பெயர். டிசம்பரில் புழுதிக் காற்று கிளம்பினால் நோயும் கிளம்பும். மழை வந்தால்தான் ஓயும். 1996-97-இல் அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு நோய் கண்டது, சுமார் 25,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ‘ஏ’ வகைக் கிருமியின் வேலை. பழைய ஊசியின் பலன் சில வருடங்களில் தேய்ந்துவிடும், இரண்டு வயதுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, தொண்டையில் இருக்கும் கிருமியை விரட்டாது. நோய் கிளம்பிய பிறகு ஓடி ஓடிப் போடுவதற்குத்தான் அது உதவியது.

பிழைத்தவர்கள் வீட்டுக் கணக்கையும் சிலர் பார்த்தார்கள். புர்க்கினா ஃபாஸோவில் வீடு வீடாக விசாரித்த ஆய்வில், ஒரு நோயாளிக்குக் குடும்பம் கையிலிருந்து செலவழித்தது சுமார் 90 டாலர் என்று தெரிந்தது. அந்த நாட்டின் தலைக்கான ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. காது கேட்காமல் போவது போன்ற பின்விளைவு தங்கிவிட்டால் அதற்கு மேலும் செலவு. சுகாதாரப் பொருளாதாரம் என்ற படிப்பு ஏழை நாடுகளில் உருப்படியாகச் செய்த காரியங்களில் இதுவும் ஒன்று: நோயின் செலவை அமைச்சகத்துப் பேரேட்டில் மட்டும் தேடாமல், விற்ற ஆட்டிலும் வாங்கிய கடனிலும் போய்த் தேடியது.

நல்ல ஊசி செய்யும் வித்தை இல்லாமலும் இல்லை. கிருமியின் மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால் உடம்பு அதை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளும், கைக்குழந்தைக்கும் பலிக்கும். இதே முறையில் ‘சி’ வகைக்கு ஊசி செய்து பிரிட்டன் 1999-இல் போட ஆரம்பித்தது. ஆப்பிரிக்காவுக்கு வேண்டிய ‘ஏ’ வகை ஊசியைப் பெரிய கம்பெனிகள் பாதி வழியில் கைவிட்டன. லாபம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

2001-இல் பாத் என்ற அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும், கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்த 7 கோடி டாலரை வைத்து ஒரு திட்டம் தொடங்கின. தலைவராக வந்த மார்க் லஃபோர்ஸ் ஆப்பிரிக்க அதிகாரிகளைப் பார்த்துப் பேசியபோது அவர்கள் பிடித்துக்கொண்டு நின்றது விலையை. எங்களால் வாங்க முடியாத ஊசி, ஊசியே இல்லாததைவிட மோசம் என்கிற ரீதியில் பேச்சு இருந்தது. ஒரு டோஸ் அரை டாலருக்குள் இருக்க வேண்டும். ஊசி இன்னும் யார் கையிலும் இல்லை. விலை மட்டும் முடிவாகிவிட்டது. மருந்துத் தொழிலில் வழக்கம் இதற்கு நேர் எதிர்.

அந்த விலைக்குப் பெரிய கம்பெனிகளோடு நடந்த பேச்சு படியவில்லை. ஆகவே வேலையைத் துண்டு போட்டார்கள். சர்க்கரைக்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு கம்பெனி. பிணைக்கும் முறைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சொந்த ஆய்வகம். புரதத்துக்கும் தயாரிப்புக்கும் ஹடப்ஸரின் சீரம் இன்ஸ்டிட்யூட். குதிரைப் பண்ணைக்காரரான சைரஸ் பூனாவாலா 1966-இல் தொடங்கிய கம்பெனி அது. பந்தயத்துக்கு உதவாத குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனம் நச்சுமுறிவு சீரம் எடுக்க வாங்கிக்கொண்டிருந்தது. அதை நாமே செய்தால் என்ன என்ற யோசனையில் பிறந்தது. இந்த ஊசிக்குத் தேவைப்பட்ட புரதமும் டெட்டனஸ் டாக்ஸாய்டுதான், அவர்களுக்குக் கை பழகிய சரக்கு. ஒரு டோஸ் 40 செண்டுக்குத் தர ஒப்புக்கொண்டார்கள்.

கதையின் உயிர் பிணைக்கும் முறையில் இருக்கிறது. பழைய முறையில் சர்க்கரையும் புரதமும் மெதுவாகத்தான் சேரும், அதிலும் பெரும்பகுதி சேராமல் வீணாகும். அமெரிக்க ஆய்வகத்தில் கார்ல் ஃப்ராஷும் செ-ஹங் ராபர்ட் லீயும் புரதத்தை முதலில் ஹைட்ரஸீன் கொண்டு உசுப்பிவிட்டார்கள். உடனே அது சர்க்கரையை வேகமாகப் பற்றிக்கொண்டது, சேதாரம் குறைந்தது. அதே மூலப்பொருளில் அதிக டோஸ். அரை டாலர் விலையைச் சாத்தியமாக்கியதில் பேரத்தைவிட இந்த வேதியியலுக்குப் பங்கு அதிகம் என்பேன்.

2005-இல் இந்தியாவில் முதல் கட்டச் சோதனை, அடுத்த ஆண்டு மாலியிலும் காம்பியாவிலும். 2010 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல். அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று புர்க்கினா ஃபாஸோவில் தொடக்கம்: ஒரு வயது முதல் 29 வயது வரை எல்லோருக்கும் ஒரே ஒரு ஊசி.

பிறகு இன்னொரு கணக்கு வந்தது. ஊசியைவிட அதைக் குளிராகக் கிராமத்துக்குக் கொண்டுபோவதுதான் தலைவலி: ஐஸ் கட்டி, ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர், டீசல். இந்த மருந்து 40 டிகிரி வரை நான்கு நாள் தாங்கும் என்று சோதனையில் தெரிந்ததும் 2012-இல் பெனினில் ஐஸ் இல்லாமலே எடுத்துப் போனார்கள். சாடு நாட்டின் செலவை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, இப்படிச் செய்தால் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு பாதியாகும் என்றது.

சீரம் இதைத் தர்மமாகச் செய்தது என்று நினைக்க வேண்டாம். பிணைக்கும் வித்தை கைக்கு வந்தது. பின்னால் நிமோனியாவுக்கான ஊசியிலும் அந்த அனுபவம் உதவியது. அதில் தப்பும் இல்லை.

2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் ‘ஏ’ வகை நோய் உறுதியானதாகப் பதிவில்லை. ஆனால் 2015-இலேயே நைஜரில் ‘சி’ வகை ஆயிரக்கணக்கானோரைப் படுக்க வைத்தது. ஐந்து வகைக் கிருமிகளுக்கு எதிரான புதிய ஊசியும் சீரம், பாத் கூட்டணியில்தான் வந்தது. 2023-இல் ஒப்புதல் பெற்று, 2024-இல் நைஜீரியாவில் போட ஆரம்பித்தார்கள். அதன் விலை அரை டாலரில் அடங்கவில்லை.