பின் சீட்டின் வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு பைக்கைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்காதீர்கள். கடைசியில் எப்படியும் இன்சூரன்ஸில்தான் வந்து நிற்கப் போகிறோம்!

நம்மில் பலர் தினமும் டபுள்ஸ் போகிறோம். முன்னால் இருப்பவருக்கு ஹேண்டில்பார் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, எதிரே வரும் பள்ளமும் தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இவை எதுவும் கிடையாது. ஆனால் விழுந்தால் இரண்டு பேரும்தான் விழுவார்கள். எங்கள் பாட மொழியில் சொன்னால், ரிஸ்க் இருவருக்கு, கட்டுப்பாடு ஒருவருக்கு. அப்படியானால் பின்னால் இருப்பவரைத்தானே முதலில் பாதுகாத்திருக்க வேண்டும்? வரலாற்றைப் பார்த்தால் நடந்தது நேர்மாறு.

குதிரையில் தொடங்கியது

'பில்லியன்' என்ற சொல் பைக்கோடு பிறந்ததல்ல. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளின் கேலிக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரை ஓட்டுபவருக்குப் பின்னால், பெரும்பாலும் பெண்கள் உட்காரப் போட்ட மெத்தைக்குத்தான் அந்தப் பெயர்.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்களில் சீட் ஒன்றுதான். கூட யாராவது வந்தால், சாமான் கட்டும் கேரியர் மேல் ஒரு மெத்தையைக் கட்டி உட்கார வைத்தார்கள். அதாவது மூட்டைக்கான இடத்தில் மனிதர்! 1920களில் இங்கிலாந்தில் அந்தக் கேரியருக்கு 'ஃபிளாப்பர் பிராக்கெட்' என்று கேலிப் பெயரே இருந்தது. ஃபிளாப்பர் என்றால் அந்தக் கால நவநாகரிக இளம்பெண்.

சட்டம் வந்தது

1930-ல் பிரிட்டனின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே வரலாம். அவரும் வண்டியில் உறுதியாகப் பொருத்திய சரியான சீட்டில், இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும்.

இந்தியாவில் 1939-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஒரு வித்தியாசம் உண்டு. 'இருபுறமும் கால் போட்டு' என்ற வார்த்தைகள் இங்கே இல்லை. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 128-வது பிரிவிலும் இல்லை. ஆக, டிரிபிள்ஸ் போவது 1939-லிருந்தே குற்றம். ஆனால் சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருவது குற்றமல்ல.

அப்படி உட்கார்ந்தால் முந்தானை சக்கரத்தில் சிக்குமே? அதற்குத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 123-வது விதி இருக்கிறது. பின் சீட் உள்ள எந்த பைக்கிலும் நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க ஃபுட் ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். துணி சிக்காமல் இருக்க என்று அந்த விதியே காரணமும் சொல்கிறது. நாம் 'சாரி கார்டு' என்று சொல்வது இதைத்தான். அழகு கெடுகிறது என்று சிலர் முதல் வேலையாகக் கழற்றுவதும் இதைத்தான்!

ஹெல்மெட் கதை

1935-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், பிறகு பைக் ஓட்டுபவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973-ல்தான். இடையில் 32 வருடங்கள்.

நம் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுபவர் மட்டுமல்ல, உடன் வருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்கிறது. ஆனால் டெல்லியில் பெண்களுக்கு விலக்கு இருந்தது. 2014-ல்தான் சீக்கியப் பெண்கள் தவிர மற்றவர்களுக்குக் கட்டாயமானது. தமிழ்நாட்டில் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஜூலை 1 முதல் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. சிறு குழந்தைகளின் முறை அதற்கும் பிறகு. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட், ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மிகாத வேகம் ஆகியவை வேண்டும் என்ற விதி 2022-ல்தான் அறிவிக்கப்பட்டது.

இன்சூரன்ஸில் அவர் யார்?

இப்போது நம்ம ஏரியா! இன்சூரன்ஸ் எடுத்தவர் முதல் பார்ட்டி, கம்பெனி இரண்டாவது, மற்றவர்கள் எல்லாம் தேர்ட் பார்ட்டி. அப்படியானால் பின்னால் இருப்பவர் தேர்ட் பார்ட்டிதானே என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2006-ல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி கட்டாயமான பாலிசி மட்டும் இருந்தால், காசு கொடுக்காமல் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. காம்ப்ரிஹென்சிவ், அதாவது பேக்கேஜ் பாலிசி என்றால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை 2009-ல் ஐ.ஆர்.டி.ஏ. சுற்றறிக்கை தெளிவாக்கியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தை உறுதிப்படுத்தியது.

இதன் அர்த்தம் என்ன? பிரீமியத்தை மிச்சப்படுத்த வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் புதுப்பித்தால், நாம் லிஃப்ட் கொடுத்த நண்பனுக்கு அடிபடும்போது கம்பெனி கைவிரிக்கலாம். நஷ்ட ஈட்டை வண்டிச் சொந்தக்காரர் தன் பாக்கெட்டிலிருந்து கொடுக்க வேண்டி வரலாம். அவரிடமும் பணம் இல்லையென்றால்? அடிபட்டவர் குடும்பம்தான் சுமக்க வேண்டும்.

ஆக சீட், ஹெல்மெட், இன்சூரன்ஸ் என்று எதை எடுத்தாலும் பின்னால் இருப்பவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது. சட்டம் மெதுவாக வரட்டும். கட்டுப்பாடு கையில் இருப்பவர் முந்திக்கொள்ளலாமே! செலவு அதிகமில்லை:

- இரண்டாவது ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள்.
- சாரி கார்டைக் கழற்றாதீர்கள். துப்பட்டா, முந்தானையைச் செருகிய பிறகே கிளம்புங்கள்.
- டபுள்ஸுக்கான காற்றழுத்தத்தை வண்டியின் கையேட்டில் பார்த்து நிரப்புங்கள்.
- எடை கூடினால் வண்டி நிற்கவும் தூரம் கூடும். முன் வண்டியோடு கூடுதல் இடைவெளி விடுங்கள்.
- இன்றே பாலிசியை எடுத்து, அது எந்த வகை என்று படியுங்கள்.

கடைசி வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நம்மை நம்பி, எதையும் கேட்காமல் பின்னால் ஏறுகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் கொடுக்கலாம்தானே?