டேங்க்: ஒரு சொல்லும் நம்ம ஊர்த் தண்ணீரும்

ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருப்பது டேங்க். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஊற்றுவதும் டேங்க்கில்தான். சண்டைப் படத்தில் சங்கிலிச் சக்கரத்தோடு உருண்டு வருவதும் டேங்க். பங்கு விலை சரிந்தால் "மார்க்கெட் டேங்க் ஆயிருச்சு" என்கிறார்கள் இன்றைய மாணவத் தம்பிகள். பழைய தாலுகா ஆபீஸ் காகிதங்களிலோ டேங்க் என்றால் கண்மாய். இந்தக் கடைசி அர்த்தம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மூத்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது இந்தியாவில்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்தவர்கள் குளங்களைக் குறிக்க எழுதத் தொடங்கினார்கள். போர்த்துக்கீசியரின் 'டாங்க்கே'யிலிருந்து வந்ததா, குஜராத்தி, மராத்தி பேசுகிறவர்களின் 'டாங்கி'யிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே இதைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நம்மைப் பொறுத்தவரை, குளத்தைக் குறித்த சொல் பிற்பாடுதான் தொட்டியைக் குறித்தது. அது தெரிந்தால் போதும்.

தொட்டி பீரங்கி வண்டியான கதை வேடிக்கையானது. முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் அந்த இரும்பு வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். எதிரிக்குத் தெரியக் கூடாதே! தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று கதை கட்டிவிட்டு, 1915 கடைசியில் 'டேங்க்' என்றே பெயர் சூட்டினார்கள். 1916 செப்டம்பர் 15-இல் அது பிரான்சில் களமிறங்கியது. போர் முடிந்தும் பொய்ப்பெயர் நிலைத்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1965-இல், நம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' டேங்க் வெளிவந்தது. அதே ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியும் இருக்கிறது. அதுவும் ஆங்கிலக் காகிதத்தில் டேங்க்தான்!

இனி நம்ம ஊருக்கு வருவோம். வடக்கே ஏரி, திருநெல்வேலிப் பக்கம் குளம், மதுரை, இராமநாதபுரம் சீமையில் கண்மாய். குடிக்க மட்டும் என்று காத்து வைத்தது ஊருணி. அதில் காலைக் கழுவினால்கூடப் பெரியவர்கள் விரட்டுவார்கள். சாமி தெப்பத்தில் வலம் வருவது தெப்பக்குளம். மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியதாகச் சொல்வார்கள். வெகுகாலம் வற்றிக் கிடந்து கிரிக்கெட் மைதானமாகவே இருந்தது. நம்மில் பாதிப் பேர் அங்கே பந்து பொறுக்கியவர்கள்தானே! சமீப ஆண்டுகளில் பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறைந்திருப்பதைப் பார்க்கக் கண் குளிர்கிறது. டவுன்ஹால் ரோட்டில் பெருமாள் தெப்பக்குளம் என்று இன்னொன்று உண்டு. நாலு பக்கமும் கடைகள் மறைத்துக்கொண்டதால், அந்த வழியாகத் தினமும் போகிறவர்களிலேயே பலருக்கு அங்கே ஒரு குளம் இருப்பது தெரியாது.

வெள்ளைக்காரன் எழுத்தில் இத்தனையும் டேங்க் என்ற ஒரே சொல்லுக்குள் போயிற்று. அவனை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. வேலை செய்த இன்ஜினீயர்கள் தேவைப்பட்ட இடத்தில் நம் சொல்லையே கடன் வாங்கினார்கள். கலுங்கு 'காலிங்குலா' ஆனது. ஆயக்கட்டு 'அயக்கட்' ஆனது. 1858-இல் குடிமராமத்துக்குச் சட்டமே போட்டார்கள். 1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்தபோது, அது எந்தக் கண்மாயிலிருந்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. பென்னிகுயிக்கை மேலூர்ப் பக்கத்து விவசாயி இன்றும் கும்பிடுவது சும்மாவா?

ஆனாலும் ஒரு நஷ்டம் உண்டு. தொட்டி என்பது தனியாக நிற்கிற பாத்திரம். வேண்டாமென்றால் கவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்கலாம். கண்மாய் அப்படியல்ல. மேல்கண்மாயின் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க்கண்மாய் பெருகும். வரத்துக்கால் ஒன்று அடைபட்டால் நாலு ஊர் பாதிக்கும். நம் காலத்தில் நாமும் கண்மாயைத் தொட்டியாகத்தான் பார்த்தோம். காலியிடமாகத் தெரிந்த இடத்திலெல்லாம் கட்டடம் எழுப்பினோம். 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை நிற்கிற இடம் உலகனேரிக் கண்மாய். 'ஏரி' என்பது பெயரிலேயே இருக்கிறது! நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன என்பதை வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா?

தண்ணீர் மட்டும் தன் பழைய வழியை மறக்கவில்லை. 2024 அக்டோபர் 25-இல் கொஞ்ச நேரம் கொட்டிய மழைக்கே செல்லூர் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரும் தெருக்களுக்குள் வந்துவிட்டன. கட்டிலுக்கு மேல் சாமான் ஏற்றி வைத்த வீடுகளில் நம் பழைய மாணவர்கள் வீடும் இருக்கும்.

இந்த மலரைப் படிக்கிற மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து நண்பர்களிடமும் இப்போது படிக்கிற மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் கண்மாயின் ஒவ்வொரு மடைக்கும் என்ன பெயர், கலுங்குத் தண்ணீர் எந்த ஊருக்குப் போகும், தண்ணீர் பாய்ச்சியவரை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று வயசானவங்ககிட்ட கேட்டு எழுதி வாருங்கள். இடத்துக்கு இடம் மாறும்: சில ஊரில் நீர்க்கட்டி, சில ஊரில் நீர்பாய்ச்சி, சில ஊரில் மடையர். அடுத்த மலரில் ஊர்வாரியாகப் போட்டுவிடலாம்.