புல்வெட்டியின் கத்திச் சட்டமும் பரந்தன் வயல்களும்

பரந்தன் சந்தியினின்று கண்டி வீதி வழியே கிளிநொச்சி நோக்கிச் செல்வோர், காலபோக அரிவி வெட்டுக் காலத்திலே வயல்களில் இன்று காண்பது அரிவாளேந்திய ஆள்நிரையை அன்று. உழவர் ‘வெட்டு மெசின்’ என வழங்கும் பெரும்பொறி வரம்போரமாக ஊர்ந்து செல்ல, அதன் முகப்பில் நிலத்தையொட்டி அமைந்த பல் நிரைத்த சட்டமொன்று நெற்றாளை அரிந்து செல்கின்றது. பொறியின் பேரொலிக்கிடையே எவர் கண்ணிலும் படாது கிடக்கும் அச்சட்டமே அதன் உயிர்நிலை. ஆயினும் அது நெல்லுக்கென ஆக்கப்பட்டதன்று. குதிரை பூட்டிய கதிரறு பொறியிலும் புல்வெட்டியிலும் பிறந்து, மேனாட்டுக் கோதுமை வயலிலும் புற்றரையிலும் வளர்ந்தது. பரந்தன் வயல்களிற் பரவலாக வந்திறங்க அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. இத்தாமதத்துக்கு உழவரின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. பொறியின் அமைப்பை உற்று நோக்கின், காரணம் வேறென்பது புலனாகும்.

ஸ்கொத்லாந்தில் பற்றிக் பெல் என்பார் 1828ஆம் ஆண்டளவில் அமைத்த கதிரறு பொறி கத்தரிக்கோல் நிரையொன்றை உடையது. குதிரைகள் அதனைப் பின்னின்று தள்ளின. அமெரிக்காவில் ஓபெட் ஹசி 1833இலும், சைரஸ் மக்கோர்மிக் 1834இலும் தத்தம் பொறிகளுக்கு ஆக்கவுரிமை பெற்றனர். 1851இல் இலண்டன் மாநகரில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியில் இருவர் பொறிகளும் எதிரெதிர் நின்றன. பதக்கமும் புகழும் மக்கோர்மிக்கைச் சார்ந்தன. எனினும் பிற்காலத்து உழவுலகம் கைக்கொண்ட கத்தி ஹசியினதே. முக்கோண அலகுகளை ஒரு சட்டத்தில் வரிசையாகத் தறைந்து, பிளவுற்ற இரும்பு விரல்களினூடே அதனை இடமும் வலமுமாக ஓட்டிய முறை அவருடையது. வரலாறு புகழை ஒருவர்க்கும் பயனை மற்றொருவர்க்கும் பங்கிட்ட இடங்களுள் இதுவும் ஒன்று. 1847இல் வில்லியம் கெச்சம் புல்லுக்கெனவே தனிப்பொறி ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். மேனாட்டு மாரிக்காலத்தில் மாடும் குதிரையும் தின்பது கோடையிலே வெட்டி உலர்த்திய புல் ஆகலின், அப்பொறி சில பத்தாண்டுகளுள் வீடுதோறும் நுழைந்தது. அமெரிக்காவில் ஆமிஷ் சமயத்தார் இன்றும் அதனைக் குதிரை பூட்டியே ஓட்டுகின்றனர்.

இப்பொறியை வயலிற் செலுத்துமுன் கத்திச் சட்டத்தை நிறுத்தும் முறை தனிக் கலையாகவே கருதப்பட்டது. பொறியின் வலப்புறத்தே ஐந்தடி அளவில் நீண்டு கிடக்கும் சட்டம் உள்முனையிற் கீலினாற் பொருத்தப்பட்டு, இரு முனையிலும் சப்பாத்து எனப்படும் இரும்புத் தாங்கியின்மேல் நிலத்தில் வழுக்கிச் செல்வது. குதிரை முன்னே இழுக்க, புல்லோ பின்னே தள்ளும். இத்தள்ளலினாற் சட்டத்தின் வெளிமுனை சற்றுப் பின்வாங்கும். ஆதலின் பொறி வாளாநிற்கும்போது வெளிமுனை உள்முனையினும் முந்தி நிற்குமாறு அமைப்பர். அடிக்கு ஏறத்தாழக் கால் அங்குலமாக, ஐந்தடிச் சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலம் என்பது வழக்கு. கத்தியை ஆட்டும் இயக்குகோலின் நேரே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் கத்தியின் முதுகுக்கும் இடையேயுள்ள தூரத்தை இரு முனையிலும் அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். நிற்கையில் கோணியிருப்பது வேலையில் நேராகும். நிற்கையில் நேராக இருப்பதோ வேலையிற் பின்சாய்ந்து, கத்தியும் இயக்குகோலும் ஒரு கோட்டில் நில்லாது ஒன்றையொன்று உரைத்துத் தேயும். கீல் தேய்ந்த பழம்பொறிகளில் முதலிற் கெடுவது இவ்வளவே.

அடுத்துக் கவனிக்கப்படுவது அலகின் நிலை. கத்தி தன் ஓட்டத்தின் ஒவ்வொரு முடிவிலும் ஒவ்வோர் அலகின் நடுவும் ஒவ்வொரு விரலின் நடுவிற்கு நேரே வந்து நிற்றல் வேண்டும். அலகின் அகலமும் விரலிடைத் தூரமும் மும்மூன்று அங்குலம்; ஆதலின் சிறிது பிசகினும் ஒருபுறம் முழுதும் வெட்டப்பட, மறுபுறம் தாள் அறுபடாது கசங்கி அடைத்துக்கொள்ளும். சுழல்சில்லைக் கையினால் மெல்லத் திருப்பி இதனைப் பார்த்து, பிழையிருப்பின் இயக்குகோலின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ திருத்துவர். பின்னர் விரல்கள். விரலினுள் பதித்த தாங்குதகடும் மேலே ஓடும் அலகும் கத்தரிக்கோலின் ஈரலகுகள் போன்றவை. இடையே வெளி விழுந்தால் எத்துணைக் கூரிய கத்தியும் பயனற்றது. கல்லில் மோதி வளைந்த விரலைச் சுத்தியலால் தட்டி மற்றையவற்றோடு ஒரே கோட்டுக்குக் கொணர்வர். கத்தியை மேலிருந்து அமுக்கும் பிடிகள், கத்தி எழும்பாதவாறும் இறுகாதவாறும் இருத்தல் வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின்னரே தீட்டுக்கல்லுக்கு வேலை. கூர்மை இறுதியாகவே கருதப்பட்டது என்பது, கத்தியென்றால் கூர்மையே என்று எண்ணுவோர்க்கு வியப்பளிக்கலாம்.

அலகிலும் இருவகை உண்டு. புல்லுக்கு மழுங்கலற்ற மென்விளிம்பு. முற்றிக் காய்ந்த தானியத் தாளுக்குப் பனங்கருக்குப் போன்ற பல்விளிம்பு. வழுக்கும் தாளைப் பல் பற்றிக்கொள்ளும் என்பதைத் தமிழ்நாட்டுக் கொல்லனும் அறிந்திருந்தான். கருக்கரிவாள் என்னும் பெயரே அதற்குச் சான்று.

இனி, இப்பொறி ஈழத்து நெல்வயலுக்கு ஏன் வரவில்லை என்பது. குதிரைப் புல்வெட்டிக்குத் தனி எஞ்சின் கிடையாது. நிலத்தில் உருளும் சக்கரமே, பற்சில்லுகள் வழியாகக் கத்தியை ஆட்டுகின்றது. சக்கரம் நிலத்தைப் பற்றும் வரையே கத்திக்கு உயிர். நெல்வயலின் ஈரத்திலே சக்கரம் சுழலாது சறுக்கின், கத்தி அக்கணமே நின்று தாளில் அடைபடும். பற்சில்லின் கணக்கோ குதிரை நடைக்கு இடப்பட்டது. எருதும் எருமையும் நடக்கும் மெல்லிய நடையிற் கத்தியின் வேகம் தாழ்ந்து, தாள் வெட்டுண்ணாது மெல்லப்படும். வடபுலத்திற் குதிரை இல்லாமலில்லை. ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் நெடுந்தீவில் இன்றும் கட்டின்றித் திரிகின்றன. ஆயின் வன்னியின் ஏரிலும் களத்திலும் உழைத்தவை மாடும் எருமையுமே. வரம்புக்கு வரம்பு திரும்பவேண்டிய சிறு வயல்களில் ஐந்தடிச் சட்டத்தைத் தூக்கித் தூக்கி இறக்குதலும் ஒவ்வாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புல்வெட்டி வெட்டியதை நிலத்திற் பரப்பிச் செல்வது. உலர்ந்த புல்லுக்கு அது நன்று. முற்றிய நெல்லுக்கோ அது மணியிழப்பு.

அண்டை நாட்டு அனுபவமும் இதற்குத் துணைநிற்கின்றது. சென்னைக்கு அருகே சைதாப்பேட்டையில் 1860களில் ஆளுநர் டெனிசன் காலத்துத் தொடங்கப்பெற்ற சோதனைப் பண்ணைக்கு நீராவிக் கலப்பை முதலாகப் பற்பல மேனாட்டுக் கருவிகள் தருவிக்கப்பட்டன. அவை ஊருழவரின் கைக்குச் சென்று சேரவில்லை. 1889இல் இந்தியா வந்து ஆராய்ந்த வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில், நாட்டுக் கருவிகள் அந்நிலத்துக்கும் அவ்வுழவர் வசதிக்கும் பெரிதும் பொருந்தியவை என்றே முடிவு கண்டார். ஒரு பொறியின் அளவுகளெல்லாம் அது பிறந்த மண்ணின் அளவுகள். மண் மாறின், அல்லது பொறியை இயக்கும் விசை மாறின், அன்றி அது பெயர்ந்து வாராது.

பரந்தன் வயல்களின் வரலாறு நீரின் வரலாறு. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்து வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் நிறைவெய்தியது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முடிவுற்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை அடுத்துக் குடியேற்றங்கள் பெருகின. குடாநாட்டார் பலர் காடு வெட்டிக் கழனியாக்கினர். அக்காலத்து அரிவி வெட்டு முழுவதும் கைவேலை. வெட்டிய தாளை உப்பட்டியாக இட்டு, காய்ந்தபின் கட்டிச் சூடு வைத்து, களத்தில் எருமைகளைப் பிணைத்து மிதிப்பித்தனர். நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் உழவு இயந்திரம் வந்து முதலில் ஏரையும், பின்னர்ச் சூடு மிதிப்பையும் கைப்பற்றிற்று. எருமைக் குளம்பின் இடத்தை இயந்திரச் சில்லு பிடித்தது. வெட்டு மட்டும் நெடுங்காலம் மனிதர் கையிலேயே நின்றது. உழவில் முதலில் இயந்திரமாகியது வலிமை வேண்டிய தொழில். இறுதியில் ஆகியது நுட்பம் வேண்டிய தொழில்.

போர் அனைத்தையும் குலைத்தது. 1990இல் புகையிரதம் நின்றது. 1996இலும் 2008–2009இலும் கிளிநொச்சிப் பகுதி மக்கள் வயலும் களமும் விட்டு இடம்பெயர்ந்தனர். மீள்குடியேறியோர் திரும்பியபோது எருமைப் பட்டியுமில்லை, அரிவி வெட்டுக்குக் கூடும் ஆள்நிரையுமில்லை. 2010இல் இந்திய அரசு வடமாகாண உழவர்க்கென 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. அதனையடுத்த ஆண்டுகளில் வெட்டு மெசின் வயல்தோறும் பரவியது. அதிலே கத்தியை ஆட்டுவது தரைச் சக்கரமன்று, எஞ்சின். பொறி நின்றாலும் கத்தி ஓடும். ரப்பர்த் தடங்கள் ஈரநிலத்திலும் அதனைத் தாங்கும். அறுத்த தாள் நிலத்தில் வீழாது நேரே சூடடிக்கும் அறைக்குள் செல்லும். முன்னர்த் தடையாயிருந்தவை இவ்வாறு நீங்கின. சட்டம் மட்டும் மாறவில்லை. முக்கோண அலகு, விரல், தாங்குதகடு, பிடி யாவும் அவ்வாறே உள்ளன. அலகு விரலின் நடுவில் நில்லாவிடின் இங்கும் தாள் கசங்கும், கதிர் அதிர்ந்து மணி உதிரும்.

பெற்றதோடு இழந்ததும் உண்டு. மழை முந்தும் ஆண்டில் விளைவைக் காப்பது இப்பொறியே. அதனை மறுத்தல் நன்றியன்று. ஆயின் அரிவி வெட்டுக் கூலியை நம்பியிருந்த காணியற்ற குடும்பங்களுக்கு, ஆண்டில் உறுதியாகக் கிடைத்த வேலை நாள்கள் அற்றுப்போயின. சூடாகக் குவிந்த நெடுவைக்கோல் போய், நொறுங்கிய வைக்கோல் வயலிற் சிதறிக் கிடக்க, அதனைத் திரட்டி மாட்டுக்குச் சேர்ப்பது தனிச் செலவாயிற்று. மற்றொன்று களைநெல். ஊர்விட்டு ஊர் வாடகைக்குச் செல்லும் பொறி ஒரு வயலின் களைநெல் மணியை மறு வயலில் விதைத்துச் செல்கின்றது. அம்மணிகள் தங்குமிடங்களுள் பொறியின் உள்ளறைகளோடு, கத்திச் சட்டத்தின் விரலிடுக்குகளும் சப்பாத்தின் அடிப்பகுதியும் அடங்கும். ஆதலின், விதைநெல்லுக்கென வயல் வைத்திருப்போர், பொறி வரம்பைக் கடக்குமுன் அதனை நிறுத்தி, அவ்விடுக்குகளைத் தட்டித் துடைப்பித்த பின்னரே உள்ளே விடுதல் தக்கது.