அம்மை குத்திய படை

1763 ஜூன் 24. வட அமெரிக்காவில் பிரிட்டிஷார் வசமிருந்த ஃபோர்ட் பிட் கோட்டைக்கு, டெலவேர் பழங்குடித் தூதர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். திரும்பும்போது அவர்களுக்கு இரண்டு கம்பளிகளும் ஒரு கைக்குட்டையும் பரிசாகக் கிடைத்தன. மூன்றும் கோட்டைக்குள் இருந்த பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்தவை. கொடுத்தவர்களில் ஒருவரான வில்லியம் டிரென்ட் என்ற வணிகரே இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க விடுதலைப் போரில், பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்த பாஸ்டன் நகரை அமெரிக்கப் படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் முற்றுகையிட்டார். நகருக்குள் பெரியம்மை. வெளியே அனுப்பப்படும் மக்களோடு நோயையும் வேண்டுமென்றே அனுப்புகிறார்கள் என்று 1775 டிசம்பரில் அவருக்குத் தகவல் வந்தது. முதலில் அவர் நம்பவில்லை. வந்தவர்களில் சிலருக்கு அம்மை கண்டதும் சந்தேகம் வலுத்தது.

ஒருமுறை அம்மை வந்து பிழைத்தவரை அது மீண்டும் தொடாது. பிரிட்டிஷ் வீரர்களில் பலர் சிறுவயதிலேயே அதைக் கடந்தவர்கள். அமெரிக்கக் கிராமத்து இளைஞர்களுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. வாஷிங்டன் 19 வயதில் பார்படாஸ் தீவில் அம்மை கண்டு தேறியவர். அதன் கொடுமையை உடலால் அறிந்தவர். 1776 மார்ச்சில் பிரிட்டிஷார் பாஸ்டனைக் காலி செய்தபோது, ஏற்கெனவே அம்மை வந்து போன ஆயிரம் பேரைத்தான் முதலில் உள்ளே அனுப்பினார்.

ஆனால் கனடாவுக்குப் போன அமெரிக்கப் படை தப்பவில்லை. கியூபெக் நகருக்கு வெளியே முகாமிட்டிருந்த வீரர்களை அம்மை வாரிச் சுருட்டியது. ஜூன் மாதம் தளபதி ஜான் தாமஸே அதற்குப் பலியானார்.

தடுக்க ஒரு வழி இருந்தது: அம்மை குத்துதல். நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து, மற்றவர் கையில் சிறு கீறல் போட்டு ஏற்றுவார்கள். நோய் லேசாக வந்து போகும். இயல்பாக அம்மை கண்டால் நூற்றுக்கு 30 பேர் வரை சாவார்கள். குத்திக்கொண்டால் இரண்டு பேர் அளவில் நின்றுவிடும். ஆனால் குத்திக்கொண்டவர் சில வாரம் படுக்கையில் கிடப்பார், மற்றவருக்கும் பரப்புவார். அந்த நேரத்தில் எதிரி பாய்ந்தால் படையே அழியும். அதனால் வாஷிங்டனே முதலில் இதைத் தடை செய்திருந்தார்.

ஆனால் 1777 பிப்ரவரி 6-ஆம் தேதி, முடிவை மாற்றிக்கொண்டு, மோரிஸ்டவுன் முகாமிலிருந்து மருத்துவர் வில்லியம் ஷிப்பனுக்குக் கடிதம் எழுதினார். இந்த நோய் படைக்குள் தானாகப் பரவினால், எதிரியின் வாளைவிட அதற்கே அதிகம் அஞ்ச வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். அம்மை வராதவர்களுக்கெல்லாம் குத்த உத்தரவானது. புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியே வைத்து, செய்தி எதிரிக்கு எட்டாதபடி தொகுதி தொகுதியாகக் குத்தினார்கள். அதன்பின் அந்தப் படையைப் பெரியம்மை முன்போல் முடக்கவில்லை.

பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் யாராவது அதை ஆயுதமாக்கக்கூடும் என்ற அச்சத்தில், 2002 டிசம்பரில் அமெரிக்கா தன் ராணுவத்தினருக்கு மீண்டும் தடுப்பூசி போடத் தொடங்கியது. நோய் கண்ணில் படுவதற்குள் காரியம் முடிந்துவிடும். வீரனின் உடலைப் போருக்கு முன்பே காப்பதுதான் தளபதியின் முதல் கடமை.