சாம்பலைத் தேடிய டிராம்பே

யூட்டாவில் பான்ஸ், ஃபிளைஷ்மன் என்ற இருவர் கண்ணாடிக் குடுவையிலேயே அணுக்கரு இணைவை (குளிர் இணைவு) நிகழ்த்தியதாக அறிவித்த நாடகத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே கேள்விதான்: பான்ஸும் ஃபிளைஷ்மனும் பொய் சொன்னார்களா? 1989 நவம்பரில் அமெரிக்க அரசின் குழு இதுபற்றித் தந்த தீர்ப்பை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் பம்பாய்க்கு ஓர் எட்டு போய்வருவோம்.

பான்ஸும் ஃபிளைஷ்மனும் வேதியியலாளர்கள், சூட்டை அளந்தார்கள். இயற்பியலாளர்கள் கேட்டது வேறு: அடுப்பு எரிந்தது சரி, சாம்பல் எங்கே? இரண்டு டியூட்டீரிய அணுக்கருக்கள் இணைந்தால் பாதி நேரம் ஹீலியம்-3 உருவாகி ஒரு நியூட்ரான் தெறிக்கும். மீதிப் பாதி நேரம் டிரிடியமும் ஒரு புரோட்டானும் பிறக்கும். ஒரு வாட் சூடு இவ்வழியில் வந்திருந்தால் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் பாய்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர் பிழைத்திருக்க மாட்டார். இவர்களோ தெம்பாகப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்! ஆதாரமாகக் காட்டிய காமா கதிர் வரைபடத்தையும் எம்.ஐ.டி.யின் பெட்ராசோ குழு கிழித்துப் போட்டது. அரைகுறை வரைபடத்தோடு பத்திரிகையாளர்களைக் கூட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பம்பாயின் டிராம்பேயில் இருந்தவர்கள் வேறு ரகம். அங்குள்ள பாபா அணு ஆய்வு மையத்தின் அன்றைய இயக்குநர் பி.கே. ஐயங்கார், நியூட்ரானோடு வாழ்ந்த மனிதர். கனடாவில் இயற்பியலாளர் பிராக்ஹவுஸிடம் பயின்று, அவரோடு சேர்ந்து ஜெர்மேனியம் படிகத்துக்குள் அணுக்கள் அதிர்வதை நியூட்ரான் கொண்டு அளந்தவர். அந்தத் துறைக்காகவே பிராக்ஹவுஸுக்கு 1994-இல் நோபல் கிடைத்தது. 1974 பொக்ரான் வெடிப்பிலும் ஐயங்காரின் கை உண்டு. கூட இருந்த எம். சீனிவாசன் பூர்ணிமா அணு உலையில் பழகியவர். யூட்டா செய்தி வந்ததும் இவர்கள் வெப்பமானியைத் தேடவில்லை, நியூட்ரான் எண்ணியைத்தான் எடுத்தார்கள்.

நம் மலேசியாவின் பாங்கியில் புஸ்பாத்தி அணு உலை 1982-இல் இயங்கத் தொடங்கியபோது நியூட்ரான் உண்டா என்று யாரும் தேடவில்லை. வெளியே வராமல் தடுக்கத்தான் அத்தனை நீரும் கான்கிரீட்டும். கண்ணாடிக் குடுவைச் சோதனையில் கதை தலைகீழ். வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களே எந்நேரமும் எண்ணியைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு மேல் நாலு தட்டு கூடுதலாகக் கேட்டதா என்பதுதான் வழக்கே.

1989 ஏப்ரல் 21. ஹைட்ரஜன் தயாரிக்க விற்கப்படும் ஒரு மின்பகுப்புக் கருவியில், டியூட்டீரியம் அடங்கிய கனநீரை ஊற்றினார்கள். எதிர்மின்வாய், பல்லேடியம்-வெள்ளிக் கலவைக் குழாய்கள். எண்ணிகளில் நியூட்ரான்கள் வெடிப்பு வெடிப்பாகப் பதிவாயின. பிறகு நீரைச் சோதித்தால் டிரிடியம்! ஒவ்வொன்றாக வந்த நியூட்ரான்களா, கூட்டமாக வந்தவையா என்று புள்ளியியல் போட்டும் பார்த்தார்கள். பல குழுக்கள் செய்த இவ்வேலையெல்லாம் அவ்வாண்டு டிசம்பரில் பார்க்-1500 என்ற அறிக்கையாயிற்று.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. டிரிடியமும் நியூட்ரானும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் கணக்கிலோ கோடி டிரிடியத்துக்கு ஒரு நியூட்ரான் என்ற அளவு. டிராம்பேயில் அப்போது சைரஸ், துருவா என்று கனநீர் உலைகள் ஓடிக்கொண்டிருந்தன. உலையில் இருந்த கனநீரில் டிரிடியம் சேரும். அது கலந்திருக்கும் என்றார்கள் எதிராளிகள். தொடக்க நீரையும் அளந்தோம் என்றார்கள் இவர்கள். சொன்னபோதெல்லாம் செய்து காட்ட முடியாததால் வழக்கு தேறவில்லை. இயற்பியல் உலகம் இன்றும் ஏற்கவில்லை. இருந்தாலும், தேட வேண்டியதை நியாயமாகத் தேடியவர்கள் என்ற மதிப்பில் யூட்டாக்காரர்களைவிட இவர்களை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

1990-இல் ஐயங்கார் அணுசக்தி ஆணையத் தலைவரானார்; டிராம்பேயில் அந்த வேலை மெல்ல ஓய்ந்தது. சீனிவாசன் விடவில்லை. 2011 பிப்ரவரியில் குளிர் இணைவுத் துறையின் பதினாறாவது உலக மாநாட்டைச் சென்னைக்கே கொண்டுவந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஐயங்கார் காலமானார்.

அமெரிக்கக் குழுவின் தீர்ப்புக்கு இந்த வாரம் இடமில்லை. அடுத்த இதழில்.