ஒற்றைவாடை வரலாறு

ஒரு சிறகில் மட்டும் வீடுகள் உள்ள தெருவை ஒற்றைவாடை என்பார்கள். மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீனவர் குப்பத்தை ஒட்டியிருக்கிறது ஒத்தவாடைத் தெரு. இப்போது இரு சிறகிலும் கட்டிடங்கள். நான் போனபோது பல அறைகள் காலி. அயல்மொழிப் பலகைகளின் எழுத்தை உப்புக்காற்று தின்றிருந்தது. முதுகில் பையோடு வந்து வாரக்கணக்கில் தங்கிய வெள்ளைக்காரர்களின் காலம் வடிந்துவிட்டது. வடிந்துபோன அந்தக் காலத்தை யார் எழுதுவது, எந்தச் சிறகிலிருந்து எழுதுவது?

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். எங்கள் ஊரில் மதிலுக்கும் மண்டபத்துக்கும் கோயிலொழுகு கணக்கு வைத்திருக்கிறது. திருமங்கையாழ்வார் மதில் கட்டினார், கூலி கேட்டவர்களைப் படகேற்றிக் கொள்ளிடத்தில் மூழ்கடித்தார் என்றொரு மரபுக்கதையும் உண்டு. அவர்களுக்கு மோட்சம் கிடைத்ததென்று கதை கணக்கை முடித்துவிடுகிறது. அதே ஆழ்வார்தான் கடல்மல்லையையும் பாடினார். பொற்குவையும் களிறும் நவமணியும் சுமந்த கலங்கள் அப்பாட்டில் உண்டு. அவற்றைக் கரையிறக்கிய தோள்களை நாம்தான் தேடவேண்டும். பிறகு வந்த ஐரோப்பிய மாலுமிகள் இதை ‘ஏழு பகோடா’ என்றார்கள். கடலிலிருந்து பார்ப்பவன் வைத்த பெயர் அது.

பையோடு வந்தவர்கள் இந்த வரிசையில் கடைசி. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வந்த ஹிப்பிப் பாதையை 1979இல் ஈரான் புரட்சியும் சோவியத் படையெடுப்பும் அடைத்தன. பிறகு பயணி விமானத்தில் வந்தான். 1981இல் லோன்லி பிளானெட்டின் இந்திய வழிகாட்டி வெளியானது. இவ்வகைப் பிரதிகளில் ஒரு கரையின் மலிவு அதன் அழகோடு சேர்த்தே விற்கப்படுகிறது. மலிவுக்குக் காரணம் அங்கிருப்பவர்களின் வறுமை என்ற வாக்கியம் மட்டும் எழுதப்படுவதில்லை.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேசினேன். “இருந்த ஒரு ரூமையும் அவங்களுக்கு வுட்டுட்டு நாங்க வெளியில படுத்துக்குவோம் தம்பி. சுனாமி வந்தப்போ கோயிலு எப்படி இருக்குன்னுதான் மொதல்ல கேட்டாங்க.”

2004 டிசம்பர் 26இல் கடல் உள்வாங்கியபோது வெளிப்பட்ட கற்களைத் தேடி ஆய்வாளர்கள் வந்தது ஆவணமாகியிருக்கிறது. இந்த அம்மாவின் வாக்கியம் ஆகவில்லை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. குறுக்கே கல் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிபடும். கோயிலைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். குப்பம் கோயிலுக்கு வடக்கே. அரிப்புக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. எதைக் காப்பதென்ற முடிவு குப்பத்தைக் கேட்டு எடுக்கப்படவில்லை என்கிறேன்.

2021-22இல் தொல்லியல் துறைச் சின்னங்களில் வெளிநாட்டார் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, மாமல்லபுரத்துக்கு: 1,44,984 பேர். அது சீட்டு கிழிக்கும் வாசலில் எடுத்த கணக்கு. தெருவில் யாரும் எடுக்கவில்லை.

நானும் ஆழ்வாரைப் படித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அதாவது நானும் கடலிலிருந்து பார்த்தவன்தான். அந்த அம்மாவிடம் ஒரு டிரங்குப்பெட்டி இருக்கிறது. அதில் வாடகை எழுதிய நோட்டுகள், வந்துபோனவர்கள் போட்ட கடிதங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் எறியவில்லை. கரை யாருடையது என்ற கேள்வி நாளை வரும்போது, அங்கே குடியிருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி. மறுசிறகின் வரலாறு அந்தப் பெட்டியிலிருந்து தொடங்கவேண்டும். செல்லரிப்பதற்குள்.